அமலோற்பவத்தின் கணினி வாசிக்காத காலை

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அமலோற்பவம் என்றொரு தட்டச்சர் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் அடிக்கும் தமிழை அவர் காதில் வாசித்துக் காட்ட ஒரு மென்பொருள் இருந்தது. அங்கே படித்த ஒருவர் அவருக்காகவே எழுதிக் கொடுத்தது. பதினோரு ஆண்டுகளாக அதை நம்பித்தான் வேலை பார்த்தார்.

அது பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். எழுதியவர் வெளிநாடு போனபின் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நிலையில், அந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவிப்பு வந்தது. பக்கத்துக் கல்லூரியில் வைரஸ் புகுந்து மாணவர் விவரங்கள் பறிபோயிருந்த நேரம். பயந்துபோன முதல்வர் வைதேகி, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கணினிகளையும் புதிய இயங்குதளத்துக்கு மாற்றச் சொன்னார். யாருக்கு என்ன இடைஞ்சல் என்று விசாரிக்கவில்லை.

கணினிகளைக் கவனித்துவந்த காஜா மைதீன், அமலோற்பவத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தான்: "உங்ககிட்ட சொல்லாம உங்க கம்ப்யூட்டர்ல கை வைக்க மாட்டேன்க்கா."

சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை அவர் விடுப்பு. அவர் கணினியில் புதிய இயங்குதளத்தை ஏற்றப் போனபோது, 'இந்த மென்பொருள் இனி இயங்காது' என்று திரை எச்சரித்தது. காஜா 'தொடர்க' என்பதை அழுத்தினான்.

மறுநாள் காலை அமலோற்பவம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓர் எழுத்தை அடித்தார். சத்தமில்லை. வயரைத் தடவிப் பார்த்தார், கழற்றி மாட்டினார், மறுபடி அடித்தார். அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

"காஜா, நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனா?"

"இருக்கும்க்கா. பார்க்கிறேன்."

அவர் நேரே முதல்வர் அறைக்குப் போனார். "என் கவனக்குறைவால கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு மேடம். மன்னிச்சிடுங்க" என்று கைகூப்பினார். கதவோரம் நின்ற காஜாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிட்டவர், விசாரிக்காமல் உத்தரவிட்டவர், சொல்லாமல் மாற்றியவன். இந்த மூவரில் அதிகம் தலைகுனிய வேண்டியவர் யார்?

விடை: காஜாதான். கணினியை மாற்றியதற்காக அல்ல, வாக்கு மீறியதற்காகக்கூட அல்ல. "இருக்கும்க்கா" என்றானே, அதற்காக. தன் தவற்றை அவர் தலையில் கட்டிய சொல் அது. மதியம் அவனே அமலோற்பவத்திடம் போய் உண்மையைச் சொன்னான். பழைய இயங்குதளத்தையே திரும்பப் போட்டு, இணைய இணைப்பை மட்டும் துண்டித்துக் கொடுப்பதாகவும் சொன்னான்.

அமலோற்பவம் திட்டவில்லை. "அதை அப்புறம் பார்க்கலாம். மேடம்கிட்ட நான் கேட்ட மன்னிப்பை முதல்ல போய்த் திரும்ப வாங்கிட்டு வா" என்றார்.