புளிப்பு மரத்துக்குப் பரிந்து பேசியவள்

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. மனதில் பட்டதைப் பேசும், பிடிக்காவிட்டால் திட்டவும் திட்டும். போலந்து என்கிற குளிர் தேசத்திலோ ஆப்பிள் மரங்கள்தான் பெரிய வாயாடிகள். ஒரு மரம் வாயைத் திறந்தால் தெருவில் போகிறவன் நின்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

அந்தத் தேசத்து ஊர் ஒன்றில் போகுமில் என்றொரு குடியானவன் இருந்தான். நல்ல மனுஷன்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அவன் மனைவி வீட்டு வாசலில் ஓர் ஆப்பிள் கன்றை நட்டாள். அது காய்ப்பதற்குள் இருமல் வந்து படுத்தாள், போய்ச் சேர்ந்துவிட்டாள். ஹனுஷ்யா என்ற சின்னப் பெண் தாயில்லாமல் நின்றாள். சில வருஷம் போன பிறகு போகுமில் பக்கத்து ஊர் லுத்விகாவைக் கட்டிக்கொண்டு வந்தான்.

மாற்றாந்தாய் என்றதும் நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். லுத்விகா தங்கமான பெண். ஹனுஷ்யாவுக்குக் கம்பளிச் சட்டை பின்னினாள், தலை சீவிப் பின்னல் போட்டாள், சூப்பை ஆற்றி ஆற்றி வைத்தாள். என்ன செய்து என்ன? அந்தப் பெண் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆம், இல்லை என்று தலையாட்டுவதோடு சரி. விடிந்ததும் வாசலுக்கு ஓடி அந்த ஆப்பிள் மரத்தைக் கட்டிக்கொள்வாள். அதைத்தான் "அம்மா" என்று கூப்பிடுவாள். மரமும் "வா கண்ணு" என்று ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே மாவு பிசைகிற லுத்விகாவுக்கு அந்தப் பேச்சுச் சத்தம் கேட்கும். பொறாமையாக இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

அந்த மரத்தின் பழம் இருக்கிறதே, அப்படி ஒரு புளிப்பு! கடித்தவனுக்குப் பல்லெல்லாம் கூசி, ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். பன்றிக்குப் போட்டால் பன்றி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அந்தப் பழங்களை லுத்விகா மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பரணில் வைக்கோலுக்கு நடுவே அடுக்கி வைத்தாள். குப்பையில் கொட்டினால் பிள்ளை மனசு என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தோன்றியது.

பயனில்லாத மரத்தை முதல் பனி விழும் நாளில் வெட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். கோடரியோடு போய் மரத்தின் முன் நின்று, "இதுக்காகப் பேச யாராவது உண்டா?" என்று கேட்பார்கள். பேச வருகிறவர், அந்த மரத்தால் இன்ன உபயோகம் என்று சொல்ல வேண்டும். சும்மா பாவம் பார்த்தால் செல்லாது.

அந்த வருஷம் முதல் பனி விழுந்தது. போகுமில் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"இதுக்காகப் பேச யாராவது உண்டா?"

ஹனுஷ்யா மரத்தைக் கட்டிக்கொண்டாள். கோடரிக்கு முதுகைக் காட்டி, பட்டையில் முகத்தைப் புதைத்தாள். வாயாடி மரமும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"நான் பேசறேன்!" என்று மாவுக் கையோடு ஓடி வந்தாள் லுத்விகா. "இந்தப் பழம் எனக்கு வேணும். ஷார்லோட்காவுக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஷார்லோட்கா என்பது அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் சுடுகிற ஆப்பிள் பலகாரம். வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பி, மேலே ஆப்பிளை நிரப்பி, இன்னொரு மாவுத் தகட்டை மூடி போல வழவழவென்று போர்த்திச் சுடுவார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் தேனாக இனிக்கிற ஆப்பிளைத்தான் போடுவார்கள். அது அடுப்பில் கூழாகிவிடும். இனிப்புக்கு மேல் இனிப்பு, ஒரு துண்டிலேயே திகட்டிப்போகும். மரியாதைக்காக ஒன்று தின்பார்களே தவிர, இரண்டாவது கேட்டவனை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

போகுமிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சாயங்காலத்துக்குள்ள சுட்டு வை. நானே வாயைத் திறந்து ரெண்டாவது துண்டு கேட்டேன்னா மரம் பிழைச்சது. கேக்கலேன்னா ராத்திரி அடுப்புக்கு விறகாச்சு."

லுத்விகா உள்ளே ஓடிப்போய் மாவைப் பிசைந்து இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியைத் தட்டில் பரப்பினாள். மூடிக்கான மறு பாதி கைச்சூட்டில் குழைந்து கிடந்தது. சற்று இறுகட்டும் என்று அதைத் துணியில் சுற்றி ஜன்னலுக்கு வெளியே பனியில் வைத்தாள். அப்போதுதான் ஹனுஷ்யா கண்ணில் பட்டாள். மேல்சட்டைகூட இல்லாமல், உதடு நீலம் பாரித்து, மரத்தை விட்டு நகராமல் காவல் நின்றாள்.

லுத்விகா வெளியே ஓடி, தன் சால்வையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்தினாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்திலேயே தானும் நின்றுகொண்டாள்.

மரம்தான் முதலில் பேசியது. "எனக்காக ஏம்மா பேசினே? என் பழம் உன் மானத்தை வாங்கிடும். என்னால இனிக்க முடியலை. என்னை நட்டவ இருமிக்கிட்டே தண்ணி ஊத்துவா. ஒரு பழம்கூட வாயில வைக்காமப் போயிட்டா. அந்தத் துக்கம் இன்னும் வேரிலேயே கிடக்கு."

"உன்னை யாரு இனிக்கச் சொன்னா?" என்றாள் லுத்விகா. "தாயைப் பறிகொடுத்த துக்கம் லேசுல போயிடுமா? நீ புளிப்பாவே இரு. சர்க்கரையை நான் போட்டுக்கறேன்."

மரத்திடம்தான் சொன்னாள். ஆனால் சால்வைக்குள் இருந்த பிள்ளை முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் மூவரும் நெடுநேரம் அப்படியே நின்றார்கள். பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் மரம், "உள்ளே போ கண்ணு, குளிருது" என்றது. ஹனுஷ்யா லுத்விகாவின் பின்னாலேயே வந்தாள்.

லுத்விகா பரணிலிருந்து பழங்களை இறக்கி, தோல் சீவி நறுக்கி, பட்டைத் தூள் தூவி அடுப்பில் ஏற்றினாள். கொஞ்சம் சர்க்கரை போட்டாள். பயம் விடவில்லை, இன்னும் ஒரு கை அள்ளினாள். அந்தக் கையைச் சின்னக் கை ஒன்று பிடித்தது.

"போதும்" என்றாள் ஹனுஷ்யா. "புளிப்பாவே இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க."

லுத்விகாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் வந்த நாளாய்க் காத்திருந்த பேச்சல்லவா! பிடித்த சர்க்கரையை அப்படியே டப்பாவில் திரும்பப் போட்டாள். பழத்தை இறக்கித் தட்டில் பரப்பியிருந்த மாவின் மேல் நிரப்பினாள்.

ஆனால் மூடிக்கான மாவை எடுக்கப் போனவள் ஐயோ என்று கத்திவிட்டாள். பனியில் கிடந்து கிடந்து அது கல்லாகியிருந்தது. உருட்டுக் கட்டையால் அடித்தாலும் அசையவில்லை. இனி இளகி, தேய்த்து, வழவழவென்று மூடி போடுவது எப்போது? சூரியன் சாய்ந்துவிட்டது. வாசலில் போகுமில் கோடரியைச் சாணை பிடிக்கிற சத்தம் கேட்டது. லுத்விகா அந்தக் கட்டி மாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

ஹனுஷ்யா சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரில் காய் துருவுகிற துருவி தொங்கியது. ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"துருவிப் போட்டா என்ன?"

மாவை யாராவது துருவுவார்களா? துருவினார்கள்! பிள்ளை துருவியைப் பிடித்துக்கொள்ள, லுத்விகா நாம் தேங்காய் துருவுகிற மாதிரி வரட்டு வரட்டென்று தேய்த்தாள். மாவு பூப்பூவாக ஆப்பிள் மேல் விழுந்தது. தட்டு முழுக்கப் பனி பெய்ததுபோல் ஆயிற்று. "அம்மா மரத்துமேல விழுந்த மாதிரியே இருக்கு" என்று ஹனுஷ்யா சிரித்தாள்.

அடுப்பிலிருந்து மணம் கிளம்பியது பாருங்கள், சாணை பிடிக்கிற சத்தம் நின்றுபோயிற்று. போகுமில் தானாகவே வந்து மேஜை முன் உட்கார்ந்தான். கோடரியைக் காலடியில் வைத்துக்கொண்டான். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பழம் கூழாகாமல், கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் இனிப்புமாக இருந்தது. அவன் ஒரு வாய் தின்றான். மென்றான். லுத்விகாவும் ஹனுஷ்யாவும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டைச் சுத்தமாக வழித்துத் தின்றுவிட்டு, எங்கேயோ பார்த்தபடி அதை முன்னால் தள்ளினான். "இன்னொரு துண்டு வை" என்றான்.

அதையும் தின்ற பிறகு எழுந்து போய்க் கோடரியைக் கொட்டகையில் மாட்டினான்.

ஹனுஷ்யா ஒரு துண்டைக் கையில் ஏந்தி வாசலுக்கு ஓடினாள். "அம்மா! நீ பிழைச்சிட்டே! அப்பா ரெண்டாவது துண்டு கேட்டுட்டாரு!"

"கேட்டுதுடி கண்ணு" என்றது மரம். "ஆனா நான் மரம். அம்மா உள்ளே இருக்கா, கையெல்லாம் மாவோட. நான் பேசிக்கிட்டே இருந்தா நீ அவகிட்ட பேச மாட்டே. அதனால இனிமே நான் பேசப்போறதில்லை. பழம் மட்டும் தர்றேன். நல்லா இரு கண்ணு."

அதுதான் அதன் கடைசிப் பேச்சு. ஹனுஷ்யா மரத்தை உலுக்கினாள், கெஞ்சினாள், அழுதாள். ஓர் இலையளவு சத்தம்கூட வரவில்லை. அந்த மரம் வாயை மூடியதைக் கண்டு மற்ற மரங்களும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன.

அழுது முடித்து உள்ளே வந்தவள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த லுத்விகாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கும் பண்றியாம்மா?"

லுத்விகா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

அன்று முதல்தான் போலந்து வீடுகளில் ஷார்லோட்கா சுடும்போது தேனாக இனிக்கிற பழத்தை ஒதுக்கிவிட்டுப் புளிப்பு ஆப்பிளைத் தேடி எடுக்கிறார்கள். நல்ல மாவைக் கல்லாக உறையவிட்டு, ஒருத்தர் துருவியைப் பிடிக்க இன்னொருத்தர் துருவிப் போடுகிறார்கள்.