பரஸ்தானம் வைத்த மூன்று பைகள்

கரையில் நின்ற ஜீப்பிலிருந்து யாரோ மைக்கை ஊதிப் பார்க்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. ‘ஃபூ, ஃபூ.’ ஐப்பசி மாதம். தண்ணீர்மேல் போகும் சத்தத்துக்கு ஒரு ஈரம் உண்டு. இத்தனை வருஷமாகியும் அது கேட்டவர்கள் காதில் காயவில்லை. பிறகு ஜீப், “ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று” என்றது.

கொள்ளிடத்தின் நடுவே கோரைத்திட்டில் மூன்று வீடுகள், மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் மாசிலாமணி, அவர் மனைவி செங்கமலம். நடுவில் உள்ளவர் அய்யாக்கண்ணு, பெண் பார்க்கப் போனார், பார்த்தார், வந்துவிட்டார், அதனால் கல்யாணம் ஆகவில்லை. இளையவர் திருமேனி. அவர் மனைவி தையல்நாயகிக்கு நிறைமாதம்.

மூவரும் நீரோரம் வந்து நின்று, “ஹலோ” என்று திருப்பிச் சொன்னார்கள்.

ஆறு எப்போது வேண்டுமானாலும் ஏறலாம் என்றது மைக். வீட்டுக்கு ஒரு அவசரப் பை தயாராக இருக்க வேண்டும். டார்ச், தீப்பெட்டி, மருந்து, மாற்றுத்துணி, மூன்று நாள் சாப்பாடு. மற்றபடி எது இல்லாமல் வாழ முடியாதோ அதை மட்டும் வைக்க வேண்டும். படகு வந்ததும் பையோடு கிளம்பிவிட வேண்டும்.

ஜீப் போன பிறகு அய்யாக்கண்ணு கவலையோடு சொன்னார்: “ஒன்று, இரண்டு, மூன்றுன்னாரு. நாலாவதைச் சொல்லாமலே போயிட்டாரே.”

“நாலாவது வீடு நம்மகிட்ட இல்லையேடா” என்றார் மாசிலாமணி. அந்தக் கவலை தீர்ந்தது.

தையல்நாயகி ஒன்றே ஒன்று கேட்டாள். திட்டில் மருத்துவச்சி கிடையாது. வலி எடுக்குமுன் அவள் அக்கரை போய்விட வேண்டும். “இப்பவே போயிட்டா என்ன மாமா?”

“இன்னும் அவசரம் வரலையேம்மா. அவசரப் பையோட சும்மா போய் நின்னா, எங்க அவசரம்னு கேட்க மாட்டாங்களா?” என்றார் மாசிலாமணி.

பை கட்டினார்கள். செங்கமலம் பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“நீ எதுக்கு இங்க?”

“நீ இல்லாம என்னால வாழ முடியாதுன்னு கல்யாணமான புதுசுல சொன்னீங்களே. மறந்து போச்சா?”

மாசிலாமணி மறுக்கவில்லை. சொன்னது சொன்னதுதான். பைக்குள் காலை விட்டு முழங்கால்வரை போனாள். அதற்குமேல் டார்ச் இடித்தது. “சரி, இருக்கட்டும்” என்று அவளே இறங்கிவிட்டாள்.

மூன்று நாள் சாப்பாட்டுக்கு இட்லி வைத்தார்கள். மூன்றாம் நாள் அது புளித்தது. வெள்ளம் வரும் தேதியை முன்கூட்டித் தெரிவித்தால் மாவரைக்க வசதியாக இருக்கும் என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு எழுதினார்கள். பதில் வரவில்லை. இட்லிக்குப் பதில் அவல் வைத்தார்கள்.

அப்போதுதான் அய்யாக்கண்ணுவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. “அண்ணே, கரை தெக்கால இருக்கு. வெள்ளம் வியாழக்கிழமை வந்தா? தெக்கே சூலமாச்சே!”

எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஆற்றுக்கு நாள் கிழமை தெரியும் என்று சொல்லும்படி அதன் முகத்தில் ஒன்றும் இல்லை.

“பரஸ்தானம் வெச்சிடுவோம்” என்றார் மாசிலாமணி.

பயண நாள் சரியில்லாவிட்டால் முன்னதாகவே ஒரு நல்ல நேரத்தில் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம். பை கிளம்பினால் ஆளே கிளம்பிய மாதிரி. அதற்குப் பெயர்தான் பரஸ்தானம்.

“அப்ப பையை அக்கரையில வெச்சிடுங்களேன்” என்றாள் தையல்நாயகி.

“அக்கரையில வெச்சா நாம அங்க போய்ச் சேர்ந்துட்டோம்னு ஆயிடும். அப்புறம் வெள்ளம் வந்தா எங்கே போறது?” என்றார் மாசிலாமணி.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் மாசிலாமணியின் பை அய்யாக்கண்ணு வீட்டுக்கும், அய்யாக்கண்ணுவின் பை திருமேனி வீட்டுக்கும், திருமேனியின் பை மாசிலாமணி வீட்டுக்கும் போயின.

மதியம் திருமேனி சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். “அண்ணே, நான் காலையிலயே கிளம்பிட்டேன். இங்க உக்காந்து சோறு திங்கிறது யாரு?”

நியாயமான கேள்வி. கிளம்பியவன் வீட்டில் இருக்கக் கூடாது. ஆகவே அவரவர் தம் பை போன வீட்டுக்குக் குடிபோனார்கள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் காலை மாசிலாமணி சொன்னார்: “இப்ப நாம இருக்கற வீட்டுலயே பையும் இருக்கு. அப்புறம் அது எப்படிப் பரஸ்தானம் ஆகும்?”

பைகள் அடுத்த வீட்டுக்குப் போயின. பின்னாலேயே ஆட்களும் போனார்கள். மூன்றாம் நாள் அவரவர் தம் வீட்டுக்கே விருந்தாளியாக வந்து சேர்ந்தார்கள். செங்கமலம் தன் அடுப்படியில் நின்று, “கொஞ்சம் உப்பு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். வீட்டுக்காரர்கள் கிளம்பிவிட்டதால் யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

“வயித்துல ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்கறது அக்கா?” என்றாள் தையல்நாயகி.

“நல்லதுதான்டி. நடந்தா சுகப்பிரசவம்” என்றாள் செங்கமலம்.

ஒன்பதாம் நாள் வெள்ளம் வந்தது. வியாழக்கிழமை. தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது படகுக்காரர் கலியன் வந்து கத்தினார்: “ஏறுங்கய்யா, சீக்கிரம்! இன்னொரு நடைக்கு ஆறு விடாது!”

“நாங்க போன புதன்கிழமையே கிளம்பிட்டோமே” என்றார் மாசிலாமணி.

“அப்ப இங்க நிக்கறது யாருய்யா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு நாளாக அவர்களுக்கும் அதுதான் தெரியவில்லை.

அதற்குள் தையல்நாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். வலி.

கலியன் ஆற்றில் நிறையப் பேரைப் பார்த்தவர். பேச்சை விட்டுவிட்டு, வீடு வீடாக நுழைந்து மூன்று பைகளையும் தூக்கிப் படகில் போட்டார். “பை போயிடுச்சு” என்றார் அய்யாக்கண்ணு. உடனே ஐந்து பேரும் பின்னாலேயே ஏறிவிட்டார்கள்.

நடு ஆற்றில் மாசிலாமணி எழுந்து நின்றார்.

“உக்காரும்யா! படகு சாயுது!”

“நாம இருக்கற இடத்துலயே பையும் இருக்குதேப்பா” என்றார் மாசிலாமணி. சுற்றிலும் அடுத்த வீடு எதுவும் இல்லை. அவர் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தெற்குப் பார்த்துத் தண்ணீரில் எறிந்தார். டார்ச், தீப்பெட்டி, மருந்து, அவல், துணி எல்லாம் முன்னே போயின.

“இப்பதான் சரியா இருக்கு” என்றார் அய்யாக்கண்ணு.

கரைக்குப் பத்து கஜம் இருக்கும்போது குழந்தை பிறந்தது. பெண். சுற்றுவதற்குத் துணி இல்லாததால் செங்கமலம் தன் முந்தானையைக் கிழித்தாள். தாயும் பிள்ளையும் சுகம். குழந்தை வீறிட்டதைக் கேட்டுக் கலியன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கரையில் காகிதத்தோடு நின்றவர், “திட்டிலிருந்து வந்து சேர்ந்தது எத்தனை பேர்?” என்று கேட்டார்.

“அஞ்சு பேருங்க” என்றார் திருமேனி. கையில் குழந்தை இருந்தது.

“குழந்தையைச் சேர்த்து ஆறா?”

“அது கிளம்பவே இல்லைங்களே. அதுக்குப் பை வெக்கலை. கிளம்பாதது எப்படிங்க வந்து சேரும்?”

காகிதக்காரர் ஐந்து என்று எழுதிக்கொண்டார்.

திட்டை ஆறு எடுத்துக்கொண்டது. அவர்கள் கரையிலேயே தங்கிவிட்டார்கள். திருமேனி தினமும் சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகள் வருகிறாளா என்று துறையில் நின்று பார்த்தார். அவள் நடக்க ஆரம்பித்ததும் அவளே அப்பாவின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். அவள் கல்யாணத்தன்று, “பொண்ணு இன்னும் வரலையே” என்று திருமேனி முகூர்த்தத்தை நிறுத்தினார். அவளும் மாலையும் கழுத்துமாக அவரோடு துறைவரை போய், பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தாலி கட்டிக்கொண்டாள்.

திருமேனி எழுபத்தொன்றாம் வயதில், தை மாதத்தில் காலமானார். மகள்தான் பக்கத்தில் இருந்தாள். “அவ வந்தா, நான் ரொம்ப நாள் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லு” என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். சொல்கிறேன் என்று அவளும் தலையாட்டினாள்.