பச்சை டிக்

தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு வயது. வேலை பார்த்த மில்லை மூடியபிறகு கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்து, இணையப் பக்கங்கள் செய்ய ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்தவள் ரெஜினா. அவரைவிட ரொம்பவே சின்னவள். என்ன செய்ய, வயிறு வயதைப் பார்க்கிறதா?

அன்று சாயங்காலம் இருவருமே ஓய்ந்துபோயிருந்தார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரிக்கான முன்பதிவுப் பக்கத்தை அவர் முடித்திருந்தார்.

"அமுக்கிப் பாருங்க மேடம்."

ரெஜினா பட்டனை அமுக்கினாள். உடனே பச்சை டிக் வந்தது. பதிவாகிவிட்டது என்றது.

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பதில் சொல்லிடுச்சாண்ணா?"

"இன்னும் இல்லீங்க. அது ஆடி அசைஞ்சுதான் வரும். அதுவரைக்கும் வட்டம் சுத்திக்கிட்டே இருந்தா சனங்க நொந்துபோயிடறாங்க. எப்படியும் இடம் கிடைச்சுடும், அதான் முன்னாடியே டிக் போட்டுட்டேன். இதுல என்னங்க தப்பு?"

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

அவரே பேச்சை மாற்றினார். "முதலாளிகிட்ட என் விஷயம் கேக்கறேன்னீங்களே மேடம். பெர்மனன்ட் ஆகலேன்னா பாப்பாவைக் காலேஜ்லேர்ந்து நிறுத்தணுங்க."

"ஆயிடுச்சுண்ணா. பெர்மனன்ட்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே வீட்டுக்குப் போன் போட்டார்.

"செண்பகம், வேலை பெர்மனன்ட் ஆயிடுச்சு. பாப்பாகிட்ட சொல்லு, படிப்பை நிறுத்த வேண்டாம்."

மறுமுனையில் செண்பகம் அழுதது ரெஜினாவுக்கும் கேட்டது. அவர் வைத்ததும், அவள் தன் போனை எடுத்து முதலாளியின் நம்பரை அழுத்தினாள்.

"நன்றி சொல்லப் போறீங்களா மேடம்?"

"இல்லண்ணா. இனிமேதான் கேக்கணும்."

அவருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

"என்னங்க இது? வீட்டுல சொல்லிட்டேனே. அங்க அழுதுட்டிருக்கா."

"எப்படியும் கிடைச்சுடும்னு நினைச்சேன்."

கொடுமைதான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தணிகாசலம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"என்ன சொல்றாருங்க?"

"ரிங் போயிட்டிருக்குண்ணா. இப்போதைக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."