முப்பிடாதி இல்லாத ஆட்டம்

“ஒரு பிள்ளைக்குக் கால் சுளுக்கினதுக்கே என் டீம் படுத்துட்டு டீச்சர். உங்க டீம் மட்டும் எப்படிப் படுக்கவே மாட்டேங்குது?”

கேட்டவர் தேவசகாயம் சார். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். தலை முழுக்க நரை. அவர் கேட்டது செண்பகவல்லி டீச்சரிடம். அவரைவிட இருபது வயசாவது இளையவள்.

அவளுடைய பிள்ளைகளிடம் கால்பந்து அரையிறுதியில் நாலு கோல் வாங்கிவிட்டு, வேர்வைகூடத் துடைக்காமல் அவள் முன்னால் வந்து நிற்கிறார் மனுஷன். கூச்சமெல்லாம் கிடையாது. தோற்றவனுக்கு என்ன கூச்சம்?

“சொன்னாப் புரியாது சார். நாளைக்குச் சாயங்காலம் எங்க ஸ்கூலுக்கு வாங்க.”

போனார்.

பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் விசில் ஊதினாள்.

“ஜான்சி, வெளிய வா.”

ஜான்சி கோல்கீப்பர். கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு வந்தாள். பின்னால் நின்ற ஒருத்தி அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆட்டம் நடந்தது.

மறுபடி விசில்.

“முப்பிடாதி, நீயும் வா.”

“நானுமா டீச்சர்?”

முப்பிடாதி பிளஸ் ஒன். பத்தாம் நம்பர். பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். நேற்று வாங்கிய நாலில் மூன்று அவள் போட்டது. அவளை எடுத்தால் ஆட்டம் நின்றுபோகும் என்று தேவசகாயம் சார் எதிர்பார்த்தார்.

நிற்கவில்லை. தண்ணீரில் கையை விட்டு எடுத்த மாதிரி அந்த இடம் மூடிக்கொண்டது.

“எதுக்கு டீச்சர் இப்படி ஒரு பழக்கம்?”

“வயசுக்கு வந்துட்டான்னு ஒருத்திய வீட்டுல வச்சுக்கிட்டாங்க. ஒருத்திக்குக் கல்யாணம். ஒருத்தி மில்லுக்குப் போயிட்டா. ஒவ்வொருத்தி போகும்போதும் டீம் விழும். நான் உக்காந்து அழுவேன். அப்புறம்தான் சார் இதப் பழக்கினேன்.”

“இப்ப அழறதில்லையா?”

“இப்ப ஜெயிக்கிறோம்.”

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, “குருவே!” என்று கும்பிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் செய்தாலும் மனசில் நிஜமாகத்தான் கும்பிட்டார். இறுதி ஆட்டத்துக்கும் கூடவே வருகிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார்.

இறுதி ஆட்டத்தன்று முப்பிடாதி சொன்ன நேரத்துக்கு வரவில்லை.

பிள்ளைகள் ஷூ கட்டிக்கொண்டிருந்த நேரம் வந்தாள். ஜெர்சி இல்லை. சுடிதார். முகம் வீங்கிக் கிடந்தது. கூட அவள் அப்பா சுடலைமுத்து. தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவர். கெட்ட மனுஷன் இல்லை. அதிர்ந்து பேசாத ஆள்.

“டீச்சர், இவளத் திருப்பூருக்கு அனுப்பப் பேசியாச்சு. பனியன் கம்பெனி. தங்க எடமும் அவுகளே குடுக்காக. திங்கக்கெழம வேன் வருது.”

“படிப்பு அண்ணாச்சி?”

“அவ அம்மையும் இல்ல. கீழ ரெண்டு சின்னது கெடக்கு. நான் ஒருத்தன் என்ன செய்ய?” மகளைத் திரும்பிப் பார்த்தார். “நேத்துப் பூரா அழுதுட்டா. நான் இல்லன்னா எங்க டீமே இல்லப்பான்னு சொல்லுதா. அது நெசமா டீச்சர்?”

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“நெசம்னா சொல்லுங்க. நாலு பேருக்கு எம்பிள்ள வேணும்னா நான் அனுப்பல. எப்பிடியாவது சமாளிச்சுக்கிடுதேன். சும்மா ஓடியாடத்தான்னா, எதுக்கு?”

முப்பிடாதி டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொருத்தியும் அதே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்னஸ். ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் நம்பர் ஜெர்சி அன்றைக்கு அவள் உடம்பில், தொளதொளவென்று. சுற்றிலும் மற்ற பத்துப் பேரும் ஷூக் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நெசம் என்று சொன்னால் இவர்கள் ஆடுவதற்கு முன்னாலேயே தோற்றுப்போவார்கள்.

“ஆட்டத்தப் பாருங்க அண்ணாச்சி” என்றாள் டீச்சர்.

அவ்வளவுதான் சொன்னாள். அடி பாவி, அவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? யோசிக்கிற நேரத்தில் நடுவர் கூப்பிட்டுவிட்டார்.

“சரி டீச்சர், பாக்கோம்” என்று சுடலைமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எதிர் அணி ஒரு கோல் போட்டது.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழக்கமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவள், பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேவசகாயம் சார் அவள் காதருகே குனிந்தார்.

“இது நல்லதுக்குத்தான் டீச்சர். இப்படியே தோத்தா அந்தப் பிள்ள திருப்பூர் போகாது. பேசாம இருங்க.”

“அந்தப் பதினோரு பேர என்ன சார் செய்ய?”

“ஒரு கப்புதான டீச்சர், போனாப் போகுது.”

“அத அவளுககிட்டப் போயிச் சொல்லுங்க.”

அவர் போகவில்லை. எப்படிப் போவார்? ஆக்னஸ் விழுந்து முட்டியெல்லாம் ரத்தம். எழுந்து மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாதியில் பிள்ளைகள் தாங்களாகவே இடம் மாறிக்கொண்டார்கள். பின்னால் நின்றவள் முன்னால் வந்தாள். வந்தவள் கோலும் போட்டாள். ஒன்றுக்கு ஒன்று. கூட்டம் கத்தியது. டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான். பந்து ஆக்னஸிடம் வந்தது. அவளைச் சுற்றி மூன்று பேர். சின்னப் பிள்ளை, திணறிப்போனாள். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு எங்கே தள்ளுவது என்று தெரியாமல் முழிக்கிறாள். இந்தப் பந்து பறிபோனால் தோல்விதான். எதிர் அணிக்காரி ஒருத்தி ஆளில்லாத பக்கம் தயாராக நிற்கிறாள்.

அப்போதுதான் கோட்டுக்கு வெளியே இருந்து அந்தச் சத்தம் வந்தது.

“ஏட்டி ஆக்னசு! எடது பக்கம் ஜான்சியப் பாரு! போடுட்டி, போடு!”

முப்பிடாதி எழுந்து நின்று கத்துகிறாள். துப்பட்டா எங்கேயோ கிடக்கிறது. அந்த ஜான்சி அன்றைக்குக் கையுறையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் தலையைத் தூக்கவே இல்லை. சத்தத்தை நம்பி அப்படியே இடது பக்கம் தள்ளினாள். ஜான்சி ஒரே அடி.

கோல்.

முப்பிடாதி குதித்தாள். அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அப்பா! பாத்தியாப்பா! பாத்தியா!” பிறகுதான் அவளுக்குத் திருப்பூர் ஞாபகம் வந்தது. மெதுவாக உட்கார்ந்தாள்.

விசில் ஊதினார்கள். பதினோரு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து அழுதார்கள், சிரித்தார்கள். டீச்சர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

சுடலைமுத்து அவளிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“நல்லா ஆடுனாக டீச்சர். எனக்கும் நெஞ்சுப் பாரம் எறங்குச்சு. யாருக்கும் எடஞ்சல் இல்லாமத்தான் எம்பிள்ளயக் கூட்டிட்டுப் போறேன்.”

டீச்சர் கும்பிட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தேவசகாயம் சாருக்குத்தான் பொறுக்கவில்லை. ஓடிப்போய் சுடலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, போயிராதீங்க. அந்தக் கடைசிக் கோலு இருக்கே, அது உங்க பிள்ள போட்ட கோலு!”

சுடலைமுத்து மைதானத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“இவ எங்க சார் போட்டா? எம் பக்கத்துலல்லா உக்காந்திருந்தா.”

சார் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முப்பிடாதி கீழே கிடந்த துப்பட்டாவை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள்.

“விடுங்க சார்” என்றாள். “ஜெயிச்சுட்டோம்லா.”