ஊசி இறங்கிய பீப்பாய்

விடுகதை ஒன்று. ஓர் எஃகுப் பீப்பாய். அதில் பானம். மூடி இறுக்கமாக இருக்கிறது. எங்கும் ஓட்டை இல்லை. ஆனாலும் உள்ளே அடைத்த கேஸ் குறைகிறது. எங்கே போகிறது?

விடை தெரிந்தவர்கள் சற்றுப் பொறுங்கள். சுடலைமுத்துவுக்குத் தெரியவில்லை.

அவர் ஐம்பது வயதுவரை லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்த பிறகு, குற்றாலத்தில் ஜெசிந்தாவிடம் நுரைக்கும் இஞ்சிப் பானம் செய்யக் கற்றுக்கொண்டார். ஜெசிந்தா அவரைவிட மிகவும் இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவள் வைக்கும் தேர்வு ஒன்றுதான். அவள் செய்தது ஒரு குவளை, அவர் செய்தது ஒரு குவளை. முதலில் வரும் குழந்தையின் முன்னால் இரண்டையும் வைக்க வேண்டும். எது யாருடையது என்று சொல்லக் கூடாது. குழந்தை அவருடையதை எடுத்தால், அவர் சொந்தக் கடை போடலாம். எடுக்காவிட்டால், மறுநாள் காலை லாரியில் ஏற வேண்டும். லாரி முதலாளி அதுவரைதான் அவருக்கு இடம் வைத்திருந்தார்.

தேர்வு நாள் காலையில் அவர் அவள் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், என் பீப்பாய் ஒழுகுது."

பானத்தை ஐஸில் நன்றாகக் குளிரவைத்தாராம். கேஸ் ஏற்றி, கேஸ் வரும் குழாயை மூடினாராம். பீப்பாயைக் குலுக்கினால், மூடிமேல் அழுத்தம் காட்டும் மீட்டரில் ஊசி இறங்கிவிடுகிறதாம். மறுபடி ஏற்றினாராம். மறுபடி இறங்கியதாம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வாஷரையும் மாற்றினார். விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்ததில், இப்போதுதான் ஊசி அசையாமல் நிற்கிறது.

"அப்புறம் என்ன அண்ணாச்சி?"

"குழாயைத் திறந்தா வெறும் நுரைதான் வருது."

ஜெசிந்தா அவருடன் அவர் வீட்டுக்குப் போய், ஒரு குவளை பிடித்துப் பார்த்தாள். நுரை பொங்கி அவள் முழங்கைவரை வழிந்தது. குவளையின் அடியில் ஒரு விரற்கடை பானம் கிடந்தது.

இறங்கிய கேஸ் எங்கே போனது என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எங்கோ இருக்கிறது என்றார் அவர்.

"சோப்புத் தண்ணிக்கே தெரியாத ஓட்டை உங்களுக்கு மட்டும் தெரியுது."

அவள் கேஸ் சிலிண்டரைக் கழற்றினாள். அதைத் தூக்கித் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினாள்.

தேர்வே இல்லையா, லாரிக்குத்தான் போக வேண்டுமா என்று அவர் கேட்டார். அவள் பீப்பாய் மூடியில் இருந்த வளையத்தை இழுத்தாள். புஸ்ஸென்று கேஸ் வெளியேறியது. ஊசி பூஜ்ஜியத்துக்கு வந்தது. வளையத்தை விட்டாள்.

"ஊசியைப் பாத்துக்கிட்டே இருங்க."

சிலிண்டரோடு போய்விட்டாள்.

சுடலைமுத்து பீப்பாயின் முன்னால் உட்கார்ந்தார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள், ரேடியேட்டர் கொதிக்கிறதா அண்ணாச்சி என்று விசாரித்தார்கள். அவர் திரும்பவில்லை.

ஊசி அசைந்தது.

மெல்ல ஏறியது.

அவர் சிலிண்டர் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கேஸ் குழாய் வெறுமனே தொங்கியது. ஊசி இன்னும் கொஞ்சம் ஏறியது.

அவர் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார்; உள்ளே பானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிறகு சோப்புத் தண்ணீரை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். வளையத்தைத் தானே இழுத்தார். ஊசி இறங்கியது, பிறகு ஏறியது, முன்னைவிடக் குறைவாக. மறுபடியும் இழுத்தார். எவ்வளவு போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

வெயில் ஏறியதும் ஜெசிந்தா தன் குவளையோடு வந்தாள்.

"ஓட்டையை அடைச்சாச்சா?"

"ஓட்டையே இல்ல டீச்சர்."

"அப்ப போனது எங்க?"

"இதுக்குள்ளதான்" என்று அவர் ஒரு குவளை பிடித்து நீட்டினார். மேலே இரண்டு விரல் நுரை. அதற்குக் கீழே முழுக்கப் பானம்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்கிட்ட ஏன் நீட்டுதிய? அங்க பாருங்க."

அருவியில் குளித்துவிட்டு ஒருவர் தன் மகளோடு வந்துகொண்டிருந்தார். சிறுமியின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜெசிந்தா இரண்டு குவளைகளையும் பலகையில் வைத்தாள்.

எது நன்றாக இருக்கும் என்று தகப்பனார் கேட்டார். சுடலைமுத்து ஏதோ சொல்ல வந்தார். சாருக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவரும்படி ஜெசிந்தா அவரை உள்ளே அனுப்பினாள்.

அவர் ஸ்டூலோடு திரும்பியபோது சிறுமி இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்திருந்தாள்.

இடப்பக்கக் குவளையை எடுத்துக்கொண்டாள். அது சுடலைமுத்து செய்தது.