எந்தக் கையில் கட்டுவீங்க?

குரு என்றால் உங்களுக்குத் தாடி ஞாபகத்துக்கு வரும். எங்கள் குருவுக்குக் கழுத்தில் அளவு நாடா தொங்கும். தையல் தொழிலில் அளவெடுத்துத் துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் நிறுவனத்தின் தலைவி பிலோமினாவுக்கு நாற்பத்தொரு வயது. பாதி உலகம் சுற்றியவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

புதுச்சேரியில் இருக்கும் இந்த நிறுவனத்தின் பெயர் சின்னப்பன். அது மாஸ்டருடைய தாத்தாவின் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய காலத்தில் ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு வாடகை அறையில் ஆரம்பித்தார். வக்கீல்களுக்கும் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களுக்கும் சட்டையும் கோட்டும் தைத்தார். இன்று அந்தப் பெயர் துபாயிலும் பாரிஸிலும் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிறது. பெயர்தான் சின்னப்பன், விலை பெரியப்பன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்தச் சட்டையைப் போட்டுப் பழகியவர் வேறு சட்டைக்குப் போய் நான் பார்த்ததில்லை. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான், எனக்குத் தெரியாதா.

கலியபெருமாள் சார் எங்களிடம் சிஷ்யராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. குருவைவிட சிஷ்யருக்கு வயது அதிகம். கடிகார ஆலையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். சின்னப்பன் கைக்கடிகாரம் செய்யப்போகிறது என்று கேள்விப்பட்டுத் தானாக வந்தார். கடிகாரம் எனக்குத் தெரியும், அதைக் கட்டுகிற கையைத்தான் தெரியாது, அதைக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றார். மாஸ்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மாஸ்டரே அளவெடுத்துச் சட்டை தைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அளவெடுக்கும்போது மாஸ்டர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடிகாரம் எந்தக் கையில கட்டுவீங்க?"

கலியபெருமாள் சாருக்கு இடது கைப் பழக்கம். அதனால் கடிகாரத்தை வலது கையில் கட்டுவார். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு வலது கையை நீட்டி, அந்தக் கடிகாரத்தின் பூர்வீகத்தையே விலாவாரியாகச் சொன்னார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துணியில் கோடு போட்டார்.

அதன்பிறகு கடிகாரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முதல் தொகுப்புக்கு வல்லினம் என்று பெயர் வைத்தார்கள். தங்கம், தடிமன், தூரத்தில் நின்றாலும் தெரியும். அடுத்தது இடையினம். இரண்டும் சுமாராக விற்றன. அப்போது மும்பைப் பத்திரிகை ஒன்று, தையல்காரருக்கு எதற்குக் கடிகாரம் என்று ஒரு வரி எழுதியது. அந்த ஒரு வரி கலியபெருமாள் சாரைத் தூங்கவிடவில்லை.

மூன்றாவது தொகுப்பு மெல்லினம். அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒரு கடிகாரம். அதை முழுக்க முழுக்க அவரே வடிவமைத்தார். அவர் வாழ்நாளில் அவருடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். ஆலையில் இருந்தவரைக்கும் அடுத்தவர் வரைந்ததைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் கணக்கு வழக்கைப் பார்க்கும் மாஸ்டரின் தம்பி சவரிராயன் கறாராகச் சொல்லிவிட்டார். மும்பையில் பெரிய கடை வைத்திருக்கும் வத்சலா மேடம் மெல்லினத்தை எடுத்தால் சரி, எடுக்காவிட்டால் கடிகாரப் பிரிவை மூடிவிடலாம் என்றார். மாஸ்டரும் மறுக்கவில்லை.

அன்று மத்தியானம் கலியபெருமாள் சார், மாஸ்டர் துணி வெட்டுகிற வெட்டு மேஜைக்கு வந்தார்.

"மாஸ்டர், மத்த கம்பெனிக்கெல்லாம் நூறு வருஷக் கடிகார வரலாறு இருக்கு. நமக்கு என்ன இருக்கு?"

மாஸ்டர் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தார். காலர் தேய்ந்துபோனால் அதைத் திருப்பித் தைக்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் எங்களுக்கு அனுப்புவது உண்டு. இது ஒரு பட்டாளத்துக்காரருடைய சட்டை, தாத்தா தன் கையால் தைத்தது. இதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் மாஸ்டர்.

மறுநாள் அவர் வந்து, தையல் பிரமாதம், ஆனால் இடது கஃப் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, தாத்தா அசந்துவிட்டார் போலிருக்கிறது என்றார். கஃப் என்பது சட்டைக்கையின் முனையில் பொத்தான் போடுகிற பட்டி.

மாஸ்டர், சரி என்றார். இன்னொரு சட்டையைக் கொடுத்தார். அது ஒரு வக்கீலுடையது. அதிலும் இடது கஃப்தான் பெரிதாக இருந்தது.

கலியபெருமாள் சார் நிஜமாகவே இடிந்துபோனார். நூலளவு தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கி வளர்ந்தவர் அவர். என் மேஜைக்கு வந்து, இவ்வளவு பெரிய பேர், இரண்டு கையை ஒரே மாதிரி தைக்கத் தெரியவில்லையே அம்மா என்று ரகசியமாகப் புலம்பினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மாஸ்டர் நடத்துகிற பாடத்தில் நான் மூக்கை நுழைப்பதில்லை.

கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்று அவரே ஒரு பதிலைத் தயார் செய்தார். நாலு பக்கம் எழுதினார். சின்னப்பன் சின்ன வயதில் பாரிஸுக்குப் போனார், அங்கே ஒரு கடிகாரக் கடையில் தொழில் கற்றார், ஊர் திரும்பும்போது பெட்டி நிறையப் பல்சக்கரங்களும் ஒரு கனவும் கொண்டுவந்தார் என்று போயிற்று அது. படித்தால் கண் கலங்கும். எழுதி முடித்தபோது அவரே பாதி நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அதை மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினார். மாஸ்டர் கத்திரிக்கோலை வைத்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. தாத்தா கேட்டிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது."

விளையாடுகிறார் என்று நினைத்தார் சிஷ்யர். மாஸ்டர் விளையாடவில்லை. தாத்தா காலையில் மாதா கோயில் மணி அடித்தால் கடை திறப்பார், சாயங்காலம் மணி அடித்தால் மூடுவார். விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. அப்படியானால் இதை அச்சடிக்கட்டுமா, வேண்டாமா என்று கேட்டார் கலியபெருமாள் சார். வியாழக்கிழமை வத்சலா வருவார், அவர் கேட்பார், பதில் உங்களுடையது என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டார். கலியபெருமாள் சார் முகம் கறுத்து வெளியே வந்தார். பார்க்கிறவர்கள் அதைக் கோபம் என்பார்கள். அது பயம்.

வியாழக்கிழமை வத்சலா மேடம் வந்தார். மும்பையில் வளர்ந்தாலும் தமிழ் சுத்தமாக இருந்தது. மெல்லினத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் பிடித்துப்போனது தெரிந்தது. அப்புறம் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"அழகா இருக்கு. ஆனா என் கடைக்கு வர்றவங்க ஒரு கேள்வி கேட்பாங்க. சட்டை தைக்கிறவங்களுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? அதை மட்டும் சொல்லுங்க, நான் ஆர்டர் தர்றேன்."

கலியபெருமாள் சாரின் கை அந்த நாலு பக்கம் இருந்த ஃபைலுக்குப் போயிற்று. ஜன்னலோரம் நின்றிருந்த மாஸ்டர் அப்போதுதான் வாய் திறந்தார். முதலில் அதைக் கட்டிக் காட்டுங்கள் என்றார்.

கலியபெருமாள் சார் தன் பழைய கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். விளம்பரங்களில் காட்டுகிற மாதிரி மெல்லினத்தை இடது கையில் கட்டினார். இது எவ்வளவு மெல்லிசு என்றால், கட்டியிருப்பதே சட்டைக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, மாஸ்டர் தைத்துக் கொடுத்த சட்டையின் கஃப்பை இழுத்தார். பொத்தான் எட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். எட்டவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது. டீத் தட்டோடு நின்றிருந்த நான், வத்சலா மேடத்தின் முன்னால் டீயை வைத்தேன்.

"உங்க கையில கட்டுங்க, பெருமாள் சார்," என்றார் மாஸ்டர்.

அவர் அதை வலது கைக்கு மாற்றினார். கஃப் கடிகாரத்தின் மேல் வந்து படிந்தது. பொத்தான் தானாகப் போய் மாட்டியது. கையை நீட்டினால் கடிகாரம் எட்டிப் பார்த்தது, இறக்கினால் சட்டைக்குள் போய்விட்டது. அவர் நீட்டினார், இறக்கினார், மறுபடி நீட்டினார். பிறகு இரண்டு கஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பட்டாளத்துக்காரருக்கு இடது, வக்கீலுக்கு இடது, எனக்கு வலது என்று முணுமுணுத்தார். என்ன சொல்கிறீர்கள் என்று வத்சலா மேடம் கேட்டார். கலியபெருமாள் சார் ஃபைலை மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"நாங்க கடிகாரம் செய்ய ஆரம்பிச்சது இப்பத்தாம்மா. ஆனா எழுபது வருஷமா, தைக்கிற ஒவ்வொரு சட்டையிலயும் அதுக்கு இடம் விட்டுட்டு வர்றோம். ஆரம்பிச்சு வெச்சவருக்கு மணி பார்க்கக்கூடத் தெரியாது."

வத்சலா மேடம் எழுந்து வந்து அவருடைய வலது கஃப்பைத் தொட்டுப் பார்த்தார், இடது கஃப்பையும் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்து ஆர்டரை எழுதினார். அதை எழுதி முடித்த பிறகுதான் டீயைத் தொட்டார். டீ ஆறிப்போயிருந்தது, வேறு கொண்டுவருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

கார் கிளம்பிப் போனதும் சிஷ்யர் நேராக வெட்டு மேஜைக்குப் போனார். முகமெல்லாம் சந்தோஷம். கூடவே கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

"ரெண்டு வருஷமா இந்தச் சட்டையைத்தான் போட்டுட்டிருக்கேன், மாஸ்டர். முதல்லேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மாஸ்டர் துணியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சொல்லலையா? முதல் நாளே கேட்டேனே, எந்தக் கையில கட்டுவீங்கன்னு."