மச்சான் போட்டுக்கு ஒரு ரோலர்

குரு சண்முகக்கனி டீச்சருக்கு முப்பது வயசு. சிஷ்யர் தஸ்நேவிஸ் ஐம்பதைத் தாண்டியாச்சு. கடல்ல வலை இழுத்த மனுசன், இடுப்பு மக்கர் பண்ணவும் கரையேறி, தூத்துக்குடியில அலுமினியம் அரிக்காம இருக்கப் பக்குவம் பண்ற டீச்சரோட ஆனடைசிங் பட்டறைக்குத் தொழில் கத்துக்க வந்திருந்தாரு.

வந்த எடத்துலயும் மச்சான் தொல்லை விடல. பெஞ்சாதியோட தம்பி கஸ்பாரோட மீன்பிடி போட்டுக்கு, வலைக்கயிறு ஓடுறதுக்கு அலுமினிய ரோலர் ஒண்ணு செஞ்சு குடுத்திருந்தாரு. அம்மை போட்ட மூஞ்சியா, குழிகுழியாத் திரும்பி வந்துச்சு. மறுபடி செஞ்சாரு. அதுவும் அப்படியே வந்துச்சு.

கஸ்பாரு மூக்காலயே பேசுவான்.

"என்ன மச்சான், ரோலர் கேட்டா இட்லித்தட்டு செஞ்சிருக்கீய?"

இன்னொரு தடவை அரிச்சுதுன்னா பழைய இரும்பு ரோலரையே மாட்டிக்கிடுதேன், நீங்க போட்டுப் பக்கமே வரவேண்டாம்னுட்டான்.

தஸ்நேவிஸ் சும்மா இருக்கல. ஒரு அலுமினியத் துண்டை உப்புத்தண்ணியில ஊறப் போட்டாரு. ஒண்ணும் ஆகல. இன்னொரு துண்டைக் காஞ்ச கயித்தால தோள் வலிக்கத் தேச்சாரு. அதுவும் கல்லு மாதிரி இருந்துச்சு.

"அப்ப யாரு டீச்சர் குத்தவாளி? உப்பா, கயிறா?"

டீச்சர் அவரோட புறங்கையில உப்புத்தண்ணிய ஊத்தினாங்க. சும்மா பாத்துக்கிட்டு இருந்தாரு. துடைச்சுட்டு, தேங்கா நாரால தேச்சாங்க. கூச்சத்துல சிரிச்சாரு. தேச்ச எடத்துலயே மறுபடி உப்புத்தண்ணி.

அவர் குதிச்ச குதியில, வாசல்ல படுத்திருந்த நாய் எதுத்த கடைக்குக் குடிபோயிருச்சு.

"யாரு அண்ணாச்சி குத்தவாளி?"

"ரெண்டும் கூட்டுக் களவாணி டீச்சர்."

அலுமினியத்துக்குத் தானா ஒரு மெல்லிசுத் தோல் வரும், கயிறு அதைச் சொரண்டும், தோல் மறுபடி மூடுறதுக்குள்ள உப்பு கடிச்சிரும்னாங்க.  ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னால போட்டு மின்னணும்னு, சனிக்கிழமை ஆனா மண்ணும் நாரும் வச்சு ரோலர்ல இருந்த மங்கலை அழுக்குன்னு தேச்செடுத்த மூணாவது களவாணி தஸ்நேவிஸ்தான்.

புது ரோலரைக் குளுந்த ஆசிட் தொட்டியில எறக்கி, கரண்டு விட்டாங்க. பெயிண்டு இல்ல, முலாம் இல்ல, அலுமினியத்தோட சொந்தத் தோலையே தடியா வளக்குற வேலை. அப்புறம், அந்தத் தோல்ல கண்ணுக்குத் தெரியாத துவாரமெல்லாம் அடையணும்னு கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தாங்க.

வெளிய வந்தது அடிப்பிடிச்ச சட்டி நெறத்துல இருந்துச்சு.

தஸ்நேவிஸ் காதுல அப்பமே கஸ்பாரு மூக்கு பேச ஆரம்பிச்சுது. இட்லித்தட்டு போயி இப்ப கருகின சட்டியா மச்சான்? டீச்சர் அந்தப் பக்கம் திரும்பின நேரம் பாத்து நாரைக் கையில எடுத்தாரு. லேசா ஒரே ஒரு தேய்ப்பு, பாக்க லட்சணமா இருக்குமேன்னு.

டீச்சர் நாரைப் பிடுங்கினாங்க. அவர் உள்ளங்கையைத் திருப்பி, வருசக்கணக்காக் கயிறு இழுத்துக் காச்சுப்போன எடத்துல பரபரன்னு தேச்சு, உப்புத்தண்ணிக்குள்ள அமுக்கினாங்க. தஸ்நேவிஸ் கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு. கொஞ்சம் கழிச்சு ஒத்தைக் கண்ணைத் தொறந்தாரு.

"எரியுதா அண்ணாச்சி?"

"இல்லையே."

"என்ன பூசினீய இதுல?"

"பூசுறதாவது. இழுக்க இழுக்க அதுவா வளந்தது."

"தேச்சுப் பளபளன்னு ஆக்கிருவமா?"

தஸ்நேவிஸ் கையைப் பட்டுன்னு மூடிக்கிட்டாரு. அப்புறம் ரோலரை அந்தக் கருப்போடயே தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, மச்சான் போட்டைப் பாக்க நடந்தாரு.